அதிபரை விசாரிப்பவர் யாருக்குப் பொறுப்பானவர்? அமெரிக்கச் சிறப்பு வழக்கறிஞர் பதவியும் பொது விவாதமும்

முன்னுரை

நாட்டின் தலைவரே ஐயத்திற்கு உள்ளாகும்பொழுது அவரை விசாரிப்பவர் யார் என்னும் வினா எல்லா மக்களாட்சி நாடுகளுக்கும் உரியது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்வினா கூடுதல் சிக்கலுடையதாகும். அந்நாட்டில் குற்ற வழக்குத் தொடுக்கும் அதிகாரம் நிருவாகத் துறையைச் சார்ந்தது. அத்துறையின் தலைவர் அதிபரே. நீதி அமைச்சுக்குப் பொறுப்பான சட்டத்துறைத் தலைவரைச் செனட் அவையின் ஒப்புதலுடன் நியமிப்பவரும், பின்னர் நீக்கக்கூடியவரும் அவரே. ஆதலால், அதிபர் மீதான விசாரணையை அவருக்குக் கீழ்ப்பட்ட ஒருவரே நடத்த வேண்டிய நிலை ஏற்படுகின்றது.

இந்நிலையைத் தவிர்க்க வெளியிலிருந்து ஒருவரை அமர்த்தும் வழக்கம் பழமையானது. 1875இல் கிராண்ட் காலத்திலும், டீபாட் டோம் எண்ணெய் வயல் ஊழல் தொடர்பாக 1924இல் கூலிட்ஜ் காலத்திலும் சிறப்பு வழக்கறிஞர்கள் அமர்த்தப்பட்டனர். எனினும், இப்பதவி நாட்டையே பிளக்கும் விவாதப் பொருளானது 1973க்குப் பின்னரே. நிக்சன், கிளிண்டன், டிரம்ப் ஆகிய மூன்று அதிபர்கள் மீதான விசாரணைகளை இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. ஒவ்வொரு முறையும் முந்தைய குறையை நீக்கப் புதிய விதி வகுக்கப்பட்டது. அவ்விதியே வேறொரு குறையைத் தோற்றுவித்தது. விசாரணையின் வலிமை விதிகளைக் காட்டிலும் அதன் முடிவை ஏற்கும் பொதுமக்களின் மனநிலையையே பெரிதும் சார்ந்திருந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

நிக்சனும் ஒலிநாடாக்களும்

1972 ஜூன் 17ஆம் நாள் வாஷிங்டன் வாட்டர்கேட் வளாகத்தில் இருந்த ஜனநாயகக் கட்சித் தலைமையகத்தில் அத்துமீறி நுழைந்த ஐவர் கைதாயினர். அவ்வாண்டு நவம்பர்த் தேர்தலில் நிக்சன் 49 மாநிலங்களை வென்றார். இந்நிகழ்வு வாக்காளர்களை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. 1973 ஏப்ரல் இறுதியில் அவருடைய நெருங்கிய உதவியாளர்கள் பதவி விலக நேர்ந்தபொழுதுதான் நிலைமை மாறியது. புதிய சட்டத்துறைத் தலைவராக முன்மொழியப்பட்ட எலியட் ரிச்சர்ட்சனிடம், சிறப்பு வழக்கறிஞர் ஒருவரை அமர்த்துவதாகச் செனட் உறுப்பினர்கள் உறுதிமொழி பெற்றனர். ஹார்வர்ட் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ் மே மாதம் பொறுப்பேற்றார். மிகக் கடுமையான முறைகேடு புரிந்தாலன்றி அவரை நீக்கலாகாது என்பது அமைச்சு வகுத்த விதி.

அதிபர் மாளிகை உரையாடல்கள் ஒலிநாடாவில் பதிவு செய்யப்பட்டு வந்தன என்னும் செய்தி ஜூலை 16ஆம் நாள் செனட் குழுவின் முன் வெளியாயிற்று. ஒன்பது ஒலிநாடாக்களைக் காக்ஸ் கோரினார். அதிபரின் உரையாடல்கள் மறைவாகக் காக்கப்பட வேண்டியவை, நிருவாகத் துறையை நீதிமன்றம் பணிக்கலாகாது என நிக்சன் தரப்பினர் வாதிட்டனர். காக்ஸ் கென்னடி ஆட்சியில் உயர் பதவி வகித்தவர் ஆதலால் நடுநிலையற்றவர் என்றும் கூறினர். எதிர்த்தரப்பினரோ, குற்றச் சான்றை மறைக்கும் உரிமை எப்பதவிக்கும் இல்லை என்றனர். விசாரணை நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் காக்ஸ் பக்கமே நின்றன.

அக்டோபர் 20, சனிக்கிழமை இரவு, காக்ஸை நீக்குமாறு நிக்சன் ஆணையிட்டார். ரிச்சர்ட்சன் மறுத்துப் பதவி விலகினார். அவருக்கு அடுத்த நிலையிலிருந்த வில்லியம் ரக்கல்ஷாஸும் மறுத்து வெளியேறினார். மூன்றாம் நிலையிலிருந்த ராபர்ட் போர்க் ஆணையை நிறைவேற்றினார். அடுத்த சில நாள்களில் தலைநகருக்கு இலட்சக்கணக்கான தந்திகள் குவிந்தன. நிக்சன் ஒலிநாடாக்களை ஒப்படைக்க இசைந்தார். லியோன் ஜவோர்ஸ்கி புதிய சிறப்பு வழக்கறிஞரானார்.

இங்கு ஓர் உண்மை கருதத்தக்கது. காக்ஸின் நீக்கம் சட்டத்திற்குப் புறம்பானது என நவம்பரில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். ஆயினும் அத்தீர்ப்பு காக்ஸை மீண்டும் பதவியில் அமர்த்தவில்லை. விதி அவரைக் காக்கவில்லை. மக்களின் சினமே விசாரணையைக் காத்தது. 1974 ஜூலை 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மேலும் பல ஒலிநாடாக்களை ஒப்படைக்குமாறு 8-0 என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி பர்கர் நிக்சனால் நியமிக்கப்பட்டவர். மூன்று நாள்களுக்குப் பின் பிரதிநிதிகள் அவையின் நீதிக் குழு முதற்குற்றச்சாட்டை 27-11 என நிறைவேற்றியபொழுது, அதிபரின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அறுவர் அதனை ஆதரித்தனர். ஆகஸ்டு 9ஆம் நாள் நிக்சன் பதவி விலகினார்.

கிளிண்டனும் சட்டம் தந்த காப்பும்

காக்ஸுக்கு நேர்ந்தது மீண்டும் நிகழாதிருக்க, 1978இல் அரசு நெறிமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்துறைத் தலைவர் வேண்டுகோள் விடுக்க, மூன்று நீதிபதிகள் கொண்ட குழு சிறப்பு வழக்கறிஞரைத் தெரிவு செய்யும். 1983இல் இப்பதவி 'சுதந்திர வழக்கறிஞர்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1988இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என 7-1 என்னும் கணக்கில் தீர்ப்பளித்தது. நீதிபதி ஸ்காலியா மட்டும் மாறுபட்டார். எவருக்கும் கட்டுப்படாத ஒருவர் ஒரே ஒரு மனிதரைக் குறிவைத்துத் துருவத் தொடங்கினால் அதற்கு எல்லையே இராது என்பது அவரது அச்சம்.

அவ்வச்சம் பத்தாண்டுகளில் பலராலும் நினைவுகூரப்பட்டது. அர்கன்சாஸ் மாநிலத்தில் கிளிண்டன் தம்பதியர் செய்த நில முதலீடு பற்றிய விசாரணையை 1994 ஆகஸ்டில் கென்னத் ஸ்டார் ஏற்றார். 1998இல் அது அதிபரின் அந்தரங்க உறவையும், அதுபற்றி அவர் உறுதிமொழியின்பேரில் கூறியதையும் ஆராய்வதாக விரிந்தது. உறுதிமொழி எடுத்தபின் பொய்யுரைப்பது எவர் செய்யினும் குற்றமே என ஒரு சாரார் வாதிட்டனர். பொது வாழ்வுக்குத் தொடர்பற்ற ஒன்றைப் பெரும்பொருட் செலவில் துருவுவதே அதிகார மீறல் என மறுசாரார் வாதிட்டனர். இரண்டிலும் உண்மையுண்டு என்பதே இவ்விவாதத்தின் கடினம்.

1998 செப்டம்பரில் ஸ்டாரின் அறிக்கை முழுமையாக மக்கள் முன் வைக்கப்பட்டது. பிரதிநிதிகள் அவை டிசம்பர் 19ஆம் நாள் கிளிண்டன் மீது பதவி நீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றிய வேளையில், கேலப் கருத்துக் கணிப்பில் அவருக்கான ஆதரவு 73 விழுக்காடாக உயர்ந்தது. 1999 பிப்ரவரி 12ஆம் நாள் செனட் அவை அவரை விடுவித்தது. நிக்சன் விவகாரத்தில் விசாரிப்பவருக்காகத் தந்தி அனுப்பிய மக்கள், கால் நூற்றாண்டுக்குப் பின் விசாரிக்கப்படுபவரின் பக்கம் சாய்ந்தனர்.

ரேகன் ஆட்சியின் ஈரான்-கான்ட்ரா விவகாரத்தை லாரன்ஸ் வால்ஷ் ஆண்டுக்கணக்கில் விசாரித்தமையால் குடியரசுக் கட்சியினர் முன்னரே இச்சட்டத்தை வெறுத்திருந்தனர். இப்பொழுது ஜனநாயகக் கட்சியினரும் வெறுத்தனர். சட்டத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என ஸ்டாரே செனட் குழுவில் கூறினார். 1999 ஜூன் 30ஆம் நாள் அது காலாவதியானது.

டிரம்பும் அறிக்கையின் பயணமும்

1999இல் நீதி அமைச்சு வகுத்த விதிகள் இடைவழி ஒன்றைத் தேடின. சிறப்பு வழக்கறிஞரைச் சட்டத்துறைத் தலைவரே அமர்த்துவார். தக்க காரணமின்றி நீக்கலாகாது. இறுதி அறிக்கை மறைவானதாகச் சட்டத்துறைத் தலைவரிடமே அளிக்கப்படும். ஸ்டார் அறிக்கை போன்ற ஒன்று மீண்டும் வீதிக்கு வருவதைத் தடுப்பதே இதன் நோக்கம் எனலாம்.

கூட்டரசுப் புலனாய்வுத் துறை இயக்குநர் ஜேம்ஸ் கோமியை டிரம்ப் நீக்கிய எட்டு நாள்களில், 2017 மே 17ஆம் நாள், ராபர்ட் முல்லர் அமர்த்தப்பட்டார். 2016 தேர்தலில் ரஷ்யத் தலையீடு, அதில் டிரம்ப் தரப்பினரின் தொடர்பு ஆகியவை அவரது விசாரணைப் பொருளாயின. இது பழிதீர்க்கும் வேட்டை என அதிபர் இடைவிடாது சாடினார். முல்லர் ஏறத்தாழ ஈராண்டுகள் பொதுவில் பேசாதிருந்தார். அவரை நீக்கச் செய்யுமாறு அதிபர் பணித்ததும், மாளிகைச் சட்ட ஆலோசகர் அதற்கு இணங்காததும் பின்னர் அறிக்கையிலேயே இடம்பெற்றன.

2019 மார்ச் 22ஆம் நாள் அறிக்கை அளிக்கப்பட்டது. இரு நாள்களில் சட்டத்துறைத் தலைவர் வில்லியம் பார், அதன் முதன்மை முடிவுகளை நான்கு பக்கக் கடிதமாக வெளியிட்டார். அக்கடிதம் தம் பணியின் சூழலையும் சாரத்தையும் முழுமையாக உணர்த்தவில்லை என முல்லர் அவருக்கு எழுதினார். 448 பக்க அறிக்கை, சில பகுதிகள் மறைக்கப்பட்ட நிலையில், ஏப்ரல் 18ஆம் நாள்தான் வெளிவந்தது. இடைப்பட்ட 25 நாள்களும் தான் படித்திராத ஓர் ஆவணத்தைப் பற்றி நாடு வாதிட்டது. ரஷ்ய அரசுடன் கூட்டுச்சதி நடந்தது என நிறுவப் போதிய சான்று இல்லை. நீதிக்கு இடையூறு செய்த குற்றத்திலிருந்து அதிபரை விடுவிக்கவும் இயலவில்லை என்பதே அறிக்கையின் நிலை. பதவியிலுள்ள அதிபர் மீது வழக்குத் தொடுக்கலாகாது என்னும் நீதி அமைச்சின் நெடுநாள் கொள்கைக்கு முல்லர் கட்டுப்பட்டார். முதற்பகுதியை ஒரு தரப்பும் இரண்டாம் பகுதியை மறுதரப்பும் தத்தம் வெற்றியாக எடுத்துக்கொண்டன.

முடிவுரை

மூன்று காலங்களிலும் விவாதம் காக்ஸ், ஸ்டார், முல்லர் என்னும் தனியாட்களைச் சுற்றியே எழுந்தது. ஆயினும் அடிப்படை வினா ஒன்றே: விசாரிப்பவர் யாருக்குப் பொறுப்பானவர்? நிருவாகத்துக்குப் பொறுப்பானவராக இருந்த காக்ஸ் ஓரிரவில் நீக்கப்பட்டார். எவருக்கும் பொறுப்பற்றவராகத் தோன்றிய ஸ்டார் நம்பிக்கையை இழந்தார். சட்டத்துறைத் தலைவருக்குப் பொறுப்பான முல்லரின் சொற்களை வேறொருவர் முதலில் பொருள்கூறி வழங்கினார். இவ்வினா இன்றும் தீர்ந்தபாடில்லை. முன்னாள் அதிபராகிவிட்ட டிரம்பை விசாரிக்க 2022இல் அமர்த்தப்பட்ட ஜாக் ஸ்மித்தின் நியமனமே செல்லாது என 2024 ஜூலையில் புளோரிடா நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தமை இதற்குச் சான்றாகும்.

தமிழில் நாம் 'சிறப்பு வழக்கறிஞர்' என்று ஒரே சொல்லால் சுட்டுவது மூன்று வெவ்வேறு பதவிகளை என்பதை இவ்வரலாற்றைக் கற்பிப்போர் உணர்த்துதல் வேண்டும். அதனினும் முதன்மையானது வேறொன்று. 1974இல் தம் கட்சியின் தலைவருக்கு எதிராக வாக்களித்த அறுவரை எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. சான்றே அவர்களை இட்டுச் சென்றது. யார் விசாரிப்பது, யார் நீக்குவது என்பவற்றைச் சட்டம் வரையறுக்கலாம். தமக்கு உவப்பற்ற முடிவையும் சான்றின் அடிப்படையில் ஏற்கும் குடிமக்களைச் சட்டத்தால் உண்டாக்க இயலாது. அத்தகையோர் குறையும்பொழுது, எத்துணை நேர்மையான விசாரணையும் மற்றுமொரு கட்சிப் பூசலாகவே முடியும்.