மலையகக் கறவைப் பசுக்களும் உண்ணிக் காய்ச்சலும்

நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டங்களில் லயன் வரிசைகளின் ஓரத்தே பலகையும் தகரமும் கொண்டு அமைந்த சிறு மாட்டுப்பட்டிகளை நாம் காண்கிறோம். வேலை முடிந்து திரும்பும் வழியில் அறுத்துச் சுமந்து வரும் புல்லே அம்மாடுகளின் தீனி. பால் சேகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறது. சாணம் மரக்கறிப் பாத்திகளுக்கு எருவாகிறது. நாட்சம்பளத்தை மட்டும் நம்பி வாழ இயலாத குடும்பத்துக்கு ஒரு பசு என்பது இன்னொரு வருமானம். அந்தப் பசுவைச் சில நாட்களுக்குள் கொன்றுவிடக்கூடிய நோய்களுள் உண்ணிகளால் பரவுபவை முக்கியமானவை.

இவற்றுள் மூன்று குறிப்பிடத்தக்கவை. பேபீசியா என்னும் ஒட்டுண்ணி செங்குருதிக் கலங்களுக்குள் புகுந்து பெருகி அவற்றைச் சிதைக்கின்றது. கடுங்காய்ச்சல், வெளிறிய கண்ணிமை, சிவந்த சிறுநீர் ஆகியன இதன் அடையாளங்கள். தைலேரியா வெண்குருதிக் கலங்களையும் செங்குருதிக் கலங்களையும் தாக்குகின்றது. அனாபிளாஸ்மா உண்மையில் ஒரு பற்றீரியா. இரத்தச் சோகையையும் மஞ்சள் காமாலையையும் உண்டாக்கும். இது உண்ணியால் மட்டுமன்றி, கடிக்கும் ஈக்களாலும், ஒரே ஊசியைப் பல மாடுகளுக்குப் பயன்படுத்துவதாலும் பரவக்கூடியது.

பூச்சி, உண்ணி போன்ற உயிரிகள் நோயைக் காவிச் செல்லும் என்பதை ஐயமற நிறுவிய முதல் ஆய்வுகளுள் ஒன்று மாடுகள் பற்றியதே. 1893இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், பிரெட் கில்போர்ன் ஆகியோர், ‘டெக்சாஸ் காய்ச்சல்’ உண்ணியால் பரவுவதை மெய்ப்பித்தனர். தாய் உண்ணியின் முட்டை வழியே கிருமி அடுத்த தலைமுறைக்குச் செல்வதும் அப்போது தெரியவந்தது. ஒரு பெண் உண்ணி நிலத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும் என்பதை எண்ணினால் இதன் பாரதூரம் விளங்கும்.

ஆபிரிக்கா கற்ற பாடம் இன்னும் கசப்பானது. 1896-97 காலப்பகுதியில் மாட்டுக் கொள்ளைநோய் தென்னாபிரிக்கப் பிரதேசங்களின் மந்தைகளை அழித்தது. அந்த இழப்பை ஈடுசெய்யக் கிழக்குக் கரையிலிருந்து மாடுகளைக் கொண்டுவந்தபோது, ‘கிழக்குக் கரைக் காய்ச்சலும்’ கூடவே வந்து சேர்ந்தது. இதனை ஆராய்ந்தவர்களுள் ஒருவரான ஆர்னல்ட் தைலரின் பெயரே தைலேரியாவுக்குச் சூட்டப்பட்டது. மாடுகளை மருந்து நீரில் முக்கியெடுக்கும் முறை பல இடங்களில் நோயை அடக்கியது. ஆயினும், இன்றைய சிம்பாப்வேயில் 1970களின் விடுதலைப் போரின்போது அந்த ஏற்பாடு குலைந்ததும், ஏறத்தாழ பத்து இலட்சம் மாடுகள் உண்ணி நோய்களால் மடிந்தன. பல்லாண்டுகள் உண்ணியின்றி வளர்ந்த அம்மந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கவில்லை.

இங்கேதான் மலையகத்துக்கான எச்சரிக்கை இருக்கிறது. தாழ்நிலத்தில் கன்றுகள் இளம்பருவத்திலேயே உண்ணிக்கடிக்கு ஆளாகின்றன. ஏறத்தாழ ஒன்பது மாதம் வரை பேபீசியாவையும் அனாபிளாஸ்மாவையும் தாங்கும் இயல்பு கன்றுகளுக்கு உண்டு. அக்காலத்தில் தொற்றுக்கு உள்ளாகித் தேறியவை பின்னர் பெரும்பாலும் பாதுகாப்புப் பெறுகின்றன. சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரிலோ மாட்டுண்ணி தழைப்பது குறைவு. ஆதலால் மலையகப் பசு நோயை அறியாமலேயே வளர்கிறது. பிரீசியன், ஜேர்சி, அயர்ஷயர் போன்ற ஐரோப்பிய இனங்களும் அவற்றின் கலப்பினங்களும் நாட்டு மாடுகளைவிட இந்நோய்களுக்கு எளிதில் இலக்காகின்றன. அத்தகைய பசுவைத் தாழ்நிலத்துக்கு விற்றாலும், அங்கிருந்து உண்ணியுள்ள மாட்டை இங்கு கொண்டுவந்தாலும் ஆபத்து ஒன்றே. வெப்பநிலை உயருமாயின் உண்ணியும் மேல்நோக்கி வரக்கூடும்.

கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் நீண்ட காலமாக ஈடுபட்டுள்ளது. ஜப்பானின் ஒபிஹிரோ பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் இணைந்து நடத்தப்பட்டு, 2012 முதல் வெளியான மரபணு ஆய்வுகள், இலங்கை மாடுகளில் பேபீசியா, தைலேரியா ஆகியன இருப்பதை உறுதிப்படுத்தின. வெளித்தோற்றத்தில் நலமாயுள்ள மாடும் கிருமியைக் காவித் திரியலாம் என்பதே நாம் மனங்கொள்ள வேண்டியது.

நோய்க்கு மருந்துண்டு; ஆனால் கிருமிக்குக் கிருமி மருந்து வேறு. பேபீசியாவுக்கு டிமினசீன் அல்லது இமிடோகார்ப், தைலேரியாவுக்கு புபார்வகுவோன், அனாபிளாஸ்மாவுக்கு டெட்ராசைக்கிளின் வகை மருந்துகள் பயன்படுகின்றன. எது எனப் பிரித்தறிய ஒரு துளி இரத்தத்தை நுண்காட்டியில் பார்க்க வேண்டும். அவ்வசதி காலந்தாழ்த்தாமல் தோட்டங்களுக்கு எட்டவேண்டும் என்பதே நமது கோரிக்கை. வாங்கி விற்கும் மாடுகளுக்கு இரத்தப் பரிசோதனையும், தமிழில் தெளிவான அறிவுறுத்தல்களும் தேவை.

மாடு வளர்ப்போரும் காது, தாடை, மடி, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் உண்ணி உள்ளதா என அடிக்கடி பார்க்க வேண்டும். புதிதாக வாங்கிய மாட்டை உடனே மற்றவற்றுடன் சேர்க்கலாகாது. சிறுநீர் சிவந்தால் கைமருந்தில் நாளைக் கடத்தாமல் மிருக வைத்தியரை அழைக்க வேண்டும். பெரும்பண்ணைக்கு ஒரு பசுவின் இறப்பு கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. லயத்துக் குடும்பத்துக்கோ அது பிள்ளையின் படிப்புச் செலவு. அதிகாரிகள் இவ்வேறுபாட்டை உணர்ந்து செயற்படுவார்களென எதிர்பார்க்கிறோம்.