வன்தட்டுப் பிரிவுகளின் அளவுமாற்றம்

வன்தட்டில் ஏற்கெனவே வகுக்கப்பட்டுள்ள பிரிவுகளை, அவற்றிலுள்ள கோப்புகளுக்கு இழப்பு நேராமல் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் இடம்பெயர்ப்பதும் பிரிவு அளவுமாற்றம் எனப்படும். புழக்கத்தில் பார்ட்டிஷன் என்று வழங்கும் பிரிவு, ஒரே வன்தட்டைப் பல தனி வட்டுகளாக இயங்குதளம் கையாளும் பொருட்டு ஒதுக்கப்படும் தொடர்ச்சியான பரப்பாகும். விண்டோஸ் கணினியில் சி, டி, ஈ என்று தோன்றும் டிரைவுகள் பெரும்பாலும் இத்தகைய பிரிவுகளே.

இந்த ஏற்பாடு 1983 மார்ச் மாதத்தில் ஐபிஎம் வெளியிட்ட பிசி எக்ஸ்டி கணினியுடனும் அதற்கான டாஸ் 2.0 இயங்குதளத்துடனும் வீட்டுக் கணினி மரபில் நுழைந்தது. அக்கணினியின் வன்தட்டு 10 மெகாபைட் கொள்ளளவே கொண்டதாயினும், அதில் டாஸ் அல்லாத வேறு இயங்குதளங்களுக்கும் இடம் ஒதுக்க வசதி செய்யப்பட்டது. வட்டின் முதல் செக்டரான 512 பைட்டுகளில் 446 பைட்டுகள் கணினியைத் துவக்கும் நிரலுக்கும், 64 பைட்டுகள் பிரிவு அட்டவணைக்கும், எஞ்சிய 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கும் ஒதுக்கப்பட்டன. அட்டவணையில் நான்கு வரிகள் உண்டு. 16 பைட் நீளமுள்ள ஒவ்வொரு வரியும் பிரிவின் வகை, அது தொடங்கும் இடம், அதன் நீளம் ஆகியவற்றைச் சொல்கிறது. நீளத்தைக் குறிப்பது 4 பைட் எண் ஒன்றே என்பதால், அட்டவணையை மட்டும் பார்த்தால் ஒரு பிரிவின் அளவை மாற்றுவது கண்ணிமைக்கும் நேரத்து வேலை.

இடர்ப்பாடு பிரிவின் உள்ளே இருக்கிறது. எந்தக் கோப்பு எங்கே உள்ளது, எவ்வளவு இடம் காலியாக உள்ளது என்ற கணக்கை வைத்திருக்கும் கோப்பு முறைமை, தன் மொத்த அளவையும் தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. அட்டவணை சொல்லும் அளவும் கோப்பு முறைமை நம்பும் அளவும் முரண்பட்டால், பிரிவின் எல்லைக்கு வெளியே கிடக்கும் தரவு அடுத்த பிரிவின் எழுத்தால் அழிந்துபோகலாம். டாஸுடன் வந்த எஃப்டிஸ்க் நிரலுக்குப் பிரிவை நீக்கவும் புதிதாக உருவாக்கவும் மட்டுமே தெரியும். அளவை மாற்ற விரும்பியவர் எல்லாவற்றையும் ஃபிளாப்பிகளில் நகலெடுத்து, பிரிவை நீக்கி, மீண்டும் வகுத்து, ஃபார்மேட் செய்து, நகலைத் திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது.

1990களில் இரண்டு தேவைகள் இந்நிலையை மாற்றின. ஃபேட்16 என்ற கோப்பு முறைமை, பிரிவு பெரிதாகும்தோறும் கிளஸ்டர் எனப்படும் தன் சேமிப்பு அலகையும் பெரிதாக்கியது. 1 முதல் 2 கிகாபைட் வரையிலான பிரிவில் ஒரு கிளஸ்டர் 32 கிலோபைட் ஆனதால், 1 கிலோபைட் கடிதமும் 32 கிலோபைட் இடத்தை அடைத்துக்கொண்டது. ஆகவே பெரிய பிரிவைச் சிறியவையாகப் பிரிப்பது வட்டின் இடத்தை மிச்சப்படுத்தும் வழியாயிற்று. விண்டோஸ் உள்ள கணினியிலேயே லினக்ஸையும் நிறுவ விரும்பியோரின் தேவை மற்றொன்று.

அவர்களுக்கு முதலில் கைகொடுத்தவற்றுள் ஒன்று, ஆர்னோ ஷேஃபர் எழுதிக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்ட ஃபிப்ஸ் என்ற சிறு நிரல். அது தரவில் ஒரு பைட்டைக்கூட நகர்த்தவில்லை. பயனர் முதலில் சிதறல்நீக்க நிரலைக் கொண்டு கோப்புகளை எல்லாம் பிரிவின் முன்பகுதிக்குக் கொண்டுவர வேண்டும்; பின்னர் ஃபிப்ஸ், பின்பகுதி உண்மையிலேயே காலியாக உள்ளதா என்று சோதித்து, அட்டவணையையும் துவக்கச் செக்டரையும் மட்டும் திருத்தி எழுதி, ஒரு பிரிவை இரண்டாக்கியது. எழுதுவதற்கு முன் பழைய செக்டர்களைத் துவக்க ஃபிளாப்பியில் சேமிக்கச் சொன்னதுடன், அவற்றைத் திரும்ப வைப்பதற்கான துணை நிரலையும் தந்தது. மாற்றப்படும் இடத்தைக் குறைப்பதும், மாற்றியதை மீட்க வழிவைப்பதும் ஆகிய இந்த இரு கொள்கைகளும் பின்னர் வந்த எந்தக் கருவிக்கும் அளவுகோலாகக் கொள்ளத்தக்கவை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த பவர்குவெஸ்ட் நிறுவனம் 1990களின் நடுவில் வெளியிட்ட பார்ட்டிஷன்மேஜிக், தரவையே நகர்த்தி அளவை மாற்றும் வசதியைப் படங்களுடன் கூடிய திரையில் தந்து, இந்த வேலையை வல்லுநர் அல்லாதோரும் செய்யும்படி ஆக்கியது. லினக்ஸின் எக்ஸ்ட் வகைக் கோப்பு முறைமைகளின் அளவை மாற்றும் ரீசைஸ்2எஃப்எஸ் நிரலின் 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமை, அதை எழுதிய தியடோர் சோவுக்கும் பவர்குவெஸ்டுக்கும் உரியதாகக் குறிக்கப்பட்டிருப்பதிலிருந்து, வணிக மென்பொருளும் கட்டற்ற மென்பொருளும் இத்துறையில் கைகோத்து வளர்ந்ததை அறியலாம். பவர்குவெஸ்டை 2003இல் சைமன்டெக் வாங்கிய பின் பார்ட்டிஷன்மேஜிக்கின் வளர்ச்சி நின்றுபோயிற்று.

கட்டற்ற மென்பொருள் தரப்பில் ஆண்ட்ரூ கிளாசன், லெனர்ட் பைட்டன்ஹெக் ஆகியோர் தொடங்கிய ஜிஎன்யு பார்ட்டெட் பல முறைமைகளையும் ஒரே கருவியின் கீழ்க் கொண்டுவந்தது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமையின் உள்ளமைப்பை மைக்ரோசாஃப்ட் முழுமையாக வெளியிடாத நிலையில், அதை ஆராய்ந்து அறிந்த தன்னார்வலர்களின் உழைப்பின்மேல் சபோல்ச் சகாச்சிட்ஸ் 2002இல் என்டிஎஃப்எஸ்ரீசைஸ் நிரலை உருவாக்கினார். எதையும் எழுதாமல் முழுச் செயலையும் ஒத்திகை பார்க்கும் வசதி அதில் உண்டு. வேலை முடிந்ததும், விண்டோஸ் அடுத்த முறை துவங்கும்போது தானே வட்டைச் சரிபார்க்கும்படி அது ஒரு குறியையும் இட்டுவைக்கிறது. இக்கருவிகளுக்கு எளிய முகப்பாக 2004இல் வந்த ஜிபார்ட்டெட் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது.

அதே 2004இல் ஃபெடோரா கோர் 2 என்ற லினக்ஸ் பதிப்பை நிறுவும்போது நேர்ந்த சிக்கல் குறிப்பிடத்தக்கது. லினக்ஸ் கெர்னல் 2.6 வட்டின் வடிவக் கணக்கை முன்பு போலத் தராததால், பார்ட்டெட் அட்டவணையில் பிரிவின் இடத்தைக் குறிக்கும் சிலிண்டர், ஹெட் எண்களை மாற்றி எழுதிவிட, பல கணினிகளில் விண்டோஸ் துவங்க மறுத்தது. கோப்புகள் அனைத்தும் அப்படியே இருந்தன. பிழை அட்டவணையின் சில பைட்டுகளில்தான் இருந்தது. தரவு காணாமற்போனதாகத் தோன்றும்போது உடனே ஃபார்மேட் செய்துவிடக் கூடாது என்பதற்கு இது தக்க சான்று. தொலைந்த பிரிவுகளை வட்டில் தேடி அட்டவணையை மறுபடி எழுதும் டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவிகள் இத்தகைய நேரங்களுக்கே உரியவை.

செயல்முறையின் பாதுகாப்பு, எது முதலில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. சிறிதாக்கும்போது, புதிய எல்லைக்கு அப்பால் உள்ள தரவை உள்ளே கொண்டுவந்து கோப்பு முறைமையை முதலில் சுருக்கி, அதன் பின்னரே அட்டவணையில் பிரிவின் நீளத்தைக் குறைக்க வேண்டும். பெரிதாக்கும்போது முறை தலைகீழாகி, பிரிவு முதலிலும் கோப்பு முறைமை பிறகும் நீள்கின்றன. இரண்டிலும் கோப்பு முறைமை எந்தக் கணத்திலும் பிரிவைவிடப் பெரிதாக இருப்பதில்லை. பிரிவின் வலப்பக்க எல்லையை வெளியே தள்ளுவது சில விநாடிகளில் முடியும். இடப்பக்க எல்லையை, அதாவது தொடக்கத்தையே, நகர்த்துவதுதான் உண்மையில் அபாயமானது: பிரிவிலுள்ள தரவு முழுவதும் புதிய இடத்துக்கு நகலாக வேண்டும், பழைய இடமும் புதிய இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், பாதியில் மின்சாரம் நின்றால் முற்பாதி ஓரிடத்திலும் பிற்பாதி வேறிடத்திலும் நின்றுவிடும். பல மணி நேரம் ஓடக்கூடிய இந்த வேலையை, மேசைக் கணினியில் யுபிஎஸ் இல்லாமலும், மடிக்கணினியில் மின்னிணைப்பு இல்லாமல் பேட்டரியை நம்பியும் தொடங்குவது தகாது.

2007இல் பொதுச் சந்தைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, பிரிவைச் சுருக்கும் வசதியை இயங்குதளத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. ஆயினும் மெய்நிகர் நினைவகக் கோப்பு, உறக்கநிலைக் கோப்பு, மீட்புப் புள்ளிகள் போன்ற நகர்த்த முடியாதவை எங்கே கிடக்கின்றனவோ அந்த எல்லையோடு அது நின்றுவிடுகிறது. பெரிதாக்குவதற்கும் வலப்பக்கத்தில் ஒட்டியவாறே காலியிடம் இருந்தாக வேண்டும். இக்கட்டுப்பாடுகள் எரிச்சலூட்டினாலும், தொடக்கத்தை நகர்த்தும் அபாயத்தை அறவே தவிர்ப்பதால், வீட்டுக் கணினிக்கு ஏற்ற முதல் வழி இதுவே. பிற்காலத்தில், பிட்லாக்கர் மறையாக்கம் இருந்தால் அதை இடைநிறுத்துவதும், விண்டோஸ் 8 முதல் இடம்பெற்ற விரைவுத் துவக்கத்தை அணைத்துவிட்டு முழுமையாக ஷட்டவுன் செய்த பின்னரே லினக்ஸ் கருவிகளைப் பயன்படுத்துவதும் இன்றியமையாதவை ஆயின. அரை உறக்கத்தில் உள்ள பிரிவைத் தொட அக்கருவிகள் மறுப்பது சரியான எச்சரிக்கையே. இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, வேறொரு வட்டில் எடுக்கப்பட்டு, திறந்து சரிபார்க்கப்பட்ட காப்புநகல் இருக்க வேண்டும். அதே வட்டின் இன்னொரு பிரிவில் உள்ள நகல் காப்புநகல் ஆகாது.

512 பைட் செக்டர்களைக் கொண்ட வட்டில் பழைய அட்டவணையால் 2 டெராபைட்டுக்கு மேல் எண்ண இயலாததால் அதன் இடத்துக்கு வந்த ஜிபிடி முறை, பொதுவாக 128 பிரிவுகளுக்கு இடமளிப்பதோடு, அட்டவணையின் நகலை வட்டின் கடைசியில் வைத்து, இரண்டையும் சரிபார்ப்பு எண்ணால் காக்கிறது. லினக்ஸின் எல்விஎம் என்ற தொகுதி மேலாண்மை ஏற்பாடு, ஆப்பிள் 2017இல் மேக் கணினிகளுக்குக் கொண்டுவந்த ஏபிஎஃப்எஸ் கோப்பு முறைமை ஆகியவை வேறு வழியில் சென்றன. ஏபிஎஃப்எஸ்ஸில் பல தொகுதிகள் ஒரே காலியிடத்தைப் பங்கிட்டுக்கொள்வதால், அவற்றுக்கிடையே அளவை மாற்றும் தேவையே பெரும்பாலும் எழுவதில்லை.

விண்டோஸ் கணினிகளில் அத்தேவை தீரவில்லை. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்கு வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸ் பழுதானால் சரிசெய்ய உதவும் மீட்புச் சூழல் இருக்கும் மீட்புப் பிரிவில் போதிய இடம் இல்லாத கணினிகளில் 0x80070643 என்ற பிழையுடன் நின்றது. மீட்புச் சூழலை அணைத்து, சி பிரிவைக் கட்டளைவரி வழியே 250 மெகாபைட் சுருக்கி, பழைய மீட்புப் பிரிவை நீக்கி, அந்த இடத்தில் பெரிதாக ஒன்றை உருவாக்கி, மீட்புச் சூழலை மறுபடி இயக்குமாறு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட வழிமுறை கூறியது. எந்தப் பிரிவின் எண்ணைத் தேர்ந்துவிட்டு நீக்கும் கட்டளையைத் தருகிறோம் என்பதைச் சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் பயனரிடமே விடப்பட்டது.