ஓவர்காலிக்ஸின் விளைச்சலும் தந்தைவழி வந்த நோயும்

ஸ்வீடன் நாட்டின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே அமைந்த ஓவர்காலிக்ஸ் என்னும் பங்கு, அதாவது ஒரு தேவாலயத்தின் ஆட்சிக்குட்பட்ட ஊர்த்தொகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியுலகத் தொடர்பு குன்றியிருந்தமையால் தன் வயல்களையே பெரிதும் நம்பி வாழ்ந்தது. 1800, 1812, 1821, 1836, 1856 ஆகிய ஆண்டுகளில் பயிர் முற்றிலும் பொய்த்தது. 1801, 1822, 1828, 1844, 1863 ஆகிய ஆண்டுகளிலோ களஞ்சியங்கள் நிறைந்தன. ஆகவே 1800இல் பட்டினி கிடந்த சிறுவனே மறு குளிர்காலத்தில் வயிறார உண்டிருக்கக்கூடும்.

இந்த ஏற்றத்தாழ்வின் விளைவைத் தலைமுறை தாண்டி ஆராய முடிந்ததற்கு, பிறப்பையும் இறப்பையும் தவறாது பதிந்துவந்த குருமார்களின் ஏடுகளே காரணம். லார்ஸ் ஒலோவ் பிக்ரென் என்னும் சமூக மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும், 1890, 1905, 1920 ஆகிய ஆண்டுகளில் அங்குப் பிறந்தோருள் சிலரைத் தெரிந்தெடுத்து, அவர்களுடைய பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் இளமையில் எவ்வளவு உணவு பெற்றிருக்கக்கூடும் என்பதை விளைச்சல் குறிப்புகளையும் தானிய விலையையும் கொண்டு கணித்தனர். அவர்கள் சிறப்பாக நோக்கியது, பருவமடைவதற்கு முன் உடல்வளர்ச்சி தணிந்திருக்கும் காலத்தை. ஆண்பிள்ளைகளுக்கு அது ஏறத்தாழ 9 முதல் 12 வயது வரை ஆகும்.

2002இல் வெளிவந்த முடிவு பொதுவான எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக இருந்தது: அவ்வயதில் தந்தை உணவுப் பற்றாக்குறையில் வளர்ந்திருந்தால் பிள்ளைகள் இதயநோயால் இறப்பது குறைந்திருந்தது, தந்தைவழிப் பாட்டன் நிறைவுண்டு வளர்ந்திருந்தால் பேரப்பிள்ளைகள் நீரிழிவால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகியிருந்தது. கருவுற்ற தாயின் உணவை மட்டுமே கருதிவந்த மருத்துவச் சிந்தனையில் தந்தையின் சிறுவயதுக்கும் இடம் வேண்டும் என்று உணர்த்தியதே இந்த ஆய்வின் பெருஞ்சிறப்பு. மரபணுவின் எழுத்து மாறாமல் அதன் செயல்பாடு மட்டும் மாறுவதை ஆராயும் புறமரபியல் இதற்கு விளக்கம் தேடுகிறது; குறைபுரத உணவு உண்ட ஆண் எலிகளின் குட்டிகளுடைய கல்லீரலில் கொழுப்பை உருவாக்கும் மரபணுக்களின் செயல்பாடு மாறுவதை 2010இல் ஒரு சோதனை காட்டியது.

எனினும் ஓவர்காலிக்ஸில் ஆராயப்பட்டோர் சில நூறு பேரே. ஸ்வீடனின் உப்சாலா நகரைச் சார்ந்த பன்மடங்கு பெரிய தரவுகளைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வில், தந்தைவழிப் பாட்டன் பருவமடைவதற்கு முன் நல்ல விளைச்சலைக் கண்டிருந்தால் பேரன்மாரின் இறப்பு மிகுந்திருந்தது. பேத்திமாரிடம் அத்தொடர்பு இல்லை. ஆனால் அம்மிகுதியில் பெரும்பங்கு புற்றுநோய் இறப்புகளுடையது. நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் முன்பு கூறப்பட்ட தொடர்பு அங்குத் தென்படவில்லை.