காவடிச்சிந்திலிருந்து காதடைப்பு வரை: ஓடுகிறவர்களின் இசைக்கு ஒரு சிறு வரலாறு

மணியாச்சி என்றதும் நம்ம பக்கத்து ஆட்களுக்கு ஒரே ஒரு தேதிதான் ஞாபகம் வரும். 1911 ஜூன் 17. திருநெல்வேலி கலெக்டர் ஆஷை இந்த ஜங்ஷனில் வைத்து வாஞ்சிநாதன் சுட்ட நாள். அதைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது அதே 1911-ல் அமெரிக்காவில் அச்சான ஒரு சின்ன ஆய்வுக் குறிப்பை. இன்று மணியாச்சித் தண்டவாளத்து ஓரம் காதில் இயர்போனோடு ஓடும் பையன்களுக்கும் அதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாங்க.

லியோனார்ட் அயர்ஸ் ஒரு புள்ளியியல்காரர். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்துக் கணக்கெடுத்தார். அரங்கத்தில் பாண்டு வாத்தியம் ஒலிக்கும்போது வீரர்களின் சராசரி வேகம் மணிக்கு 19.6 மைல். பாண்டு நின்றிருக்கும்போது 17.9 மைல். நம்ம கணக்கில் சுமார் 31.5 கிலோமீட்டரும் 28.8 கிலோமீட்டரும். பாண்டு வாசிக்கிற நேரத்தில் கூட்டமும் ஆரவாரமும் கூடியிருக்குமே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனாலும் உடலுழைப்புக்கும் இசைக்கும் உள்ள உறவை எண்ணால் அளந்த பழைய முயற்சிகளில் இது ஒன்று. இந்தத் துறையில் எழுதுகிறவர்கள் இன்றும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

எண்ணால் அளக்காமல், காலால் அறிந்தவர்கள் நம்ம கரிசல் காட்டில் அதற்கு முன்னாலேயே இருந்தார்கள்.

கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலை. அங்கே முருகன் கோயில். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடந்து போனார். அந்த நடைக்காக அவருடைய அவைப்புலவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடியதுதான் காவடிச்சிந்து. அவர் இளம் வயதிலேயே மறைந்துபோனார். பாட்டு நிலைத்துவிட்டது.

அந்தப் பாட்டின் தாளத்தைக் கொஞ்சம் கவனியுங்க. பெரும்பாலும் மூன்று மூன்றாக எண்ணுகிற திஸ்ர நடை. தோளில் காவடி, வெறுங்காலில் தூரம், தலைக்கு மேலே வெயில். அந்த நிலையில் காலை அடுத்த எட்டுக்குத் தள்ளிவிடுகிற தாளம் அது. தமிழில் தாளத்தின் போக்குக்கும் "நடை", காலால் போவதற்கும் "நடை". செய்யுளின் வரிக்கும் "அடி", பாதத்துக்கும் "அடி". இந்த உறவை மொழியே எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறது. நாதசுரமும் தவிலும்கூட நடந்துகொண்டே வாசிக்கிற வாத்தியங்கள்தான். சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசித்தால் சாமி தூக்குகிறவர்களின் கால் தானாக அதில் விழும்.

இந்த இசைக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, அது கூட்டத்துக்கு நடுவே ஒலித்தது. எல்லாருக்கும் ஒரே பாட்டு. இரண்டு, அது யாருடைய காதையும் அடைக்கவில்லை. எதிரே மாட்டுவண்டி வந்தால் தெரியும். பின்னால் நடப்பவர் தடுமாறினால் கேட்கும். இந்த இரண்டாவது குணத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி 1979-க்கு வருவோம். அந்த வருஷம் ஜூலை 1-ஆம் தேதி சோனி நிறுவனம் ஜப்பானில் வாக்மேனை விற்பனைக்கு விட்டது. விலை 33,000 யென். அந்த முதல் மாடலில் ஹெட்போன் சொருக இரண்டு துளைகள் இருந்தன. கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பாட்டின் சத்தம் குறைந்து, உள்ளே இருக்கும் மைக் வழியாகப் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழும். தனியாகப் பாட்டு கேட்பது மரியாதைக் குறைவாகப் போய்விடுமோ என்ற கவலை அதைச் செய்தவர்களுக்கே இருந்திருக்கிறது. பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தான் காணாமல் போனது.

வாக்மேனோடு வந்த ஹெட்போன் லேசானது, மெல்லிய பஞ்சு வைத்தது. வெளிச்சத்தம் தாராளமாக உள்ளே வரும். 2001-ல் ஐபாட் வந்தபோது கொடுத்த வெள்ளை இயர்போனும் காதின் வாசலில் சும்மா உட்கார்ந்ததுதான். பாட்டு தனியாள் விஷயமாகிவிட்டது, ஆனால் காது இன்னும் திறந்தே இருந்தது. அதற்குப் பிறகு ரப்பர் முனையோடு துளைக்குள் போகும் இயர்போன்கள் பரவின. காது முக்கால்வாசி மூடியது. அதன் கடைசிப் படிதான் இன்று ஓட்டக்காரர்களுக்கென்றே விளம்பரம் செய்யப்படும், அளவெடுத்துச் செய்த இயர்போன்.

அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

காதுக்கு அளவெடுப்பது புதிதல்ல. செவித்திறன் குறைந்தவர்களின் கருவிக்கு ஏற்கெனவே அப்படித்தான் அளவெடுத்தார்கள். அதைப் பாட்டுக்காரர்களின் மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜெரி ஹார்வி. வான் ஹேலன் என்ற அமெரிக்க ராக் குழுவின் மேடை ஒலிப் பொறியாளர். அந்தக் குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்கு ஒரு பிரச்சினை. தன் டிரம் சத்தம், பக்கத்து கிட்டார் சத்தம், தரையில் வைத்த ஸ்பீக்கர் சத்தம் எல்லாம் சேர்ந்து காதைப் பதம் பார்த்தன. வெளிச்சத்தத்தை அடைத்துவிட்டு, தேவையானதை மட்டும் குறைந்த ஒலியில் காதுக்குள் தர வேண்டும். 1995 வாக்கில் ஹார்வி அப்படி ஒன்றைச் செய்து கொடுத்தார். அதிலிருந்து பிறந்த நிறுவனம் அல்டிமேட் இயர்ஸ். 2008-ல் லாஜிடெக் அதை வாங்கியது. மேடைக்குச் செய்தது அப்படியே மற்றவர்கள் கைக்கும் வந்து சேர்ந்தது.

செய்முறை இதுதான். காதுத் துளைக்குள் நூல் கட்டிய சின்னப் பஞ்சை வைத்துச் செவிப்பறைக்குக் காப்பு கொடுப்பார்கள். பிறகு ஊசிபோடும் குழல் மாதிரி ஒன்றால் சிலிக்கோன் குழம்பை நிரப்புவார்கள். சில நிமிஷத்தில் அது இறுகும். அதை எடுத்து, அந்த அச்சில் அக்ரிலிக்கிலோ மிருதுவான சிலிக்கோனிலோ கூடு வார்ப்பார்கள். தாடை அசைந்தால் காதுத் துளையின் வடிவமே மாறும். அதனால் அச்செடுக்கும்போது பல்லுக்கு நடுவே எதையாவது கடித்துக்கொள்ளச் சொல்வதும் உண்டு. சரியாக அமைந்தால் வெளிச்சத்தம் 20 டெசிபெல்லுக்கு மேல் குறையும். 20 டெசிபெல் என்றால் ஒலியழுத்தம் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

ஆக, சத்தத்தின் நடுவே உட்கார்ந்திருப்பவருக்காகப் பிறந்த பொருள் இது. அவருக்குச் சத்தம் எதிரி. அவரை நோக்கி லாரியோ ரயிலோ வரப்போவதில்லை.

இப்போது மணியாச்சிக்குத் திரும்புவோம். இங்கே யார் ஓடுகிறார்கள்? பெருநகரத்து மாரத்தான் ஆட்கள் குறைவு. விடிகாலையில் ஓடுவது பெரும்பாலும் போலீஸ், ராணுவத் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள், பெண் பிள்ளைகள். தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். ராணுவத்தில் 1.6 கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 30 நொடிக்குள் வந்தால் முழு மதிப்பெண். மழையை மட்டும் நம்பியிருக்கிற மானாவாரி பூமியில், ஒரு குடும்பம் மாதச் சம்பளத்தைப் பார்ப்பதற்கான வழி அந்தச் சில நிமிடங்களுக்குள் இருக்கிறது.

ஓடுவதற்கு இடம்? கரிசல் மண் மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும், ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ ஒட்டிக்கொள்ளும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கணுக்காலை வாங்கும். அதனால் தார்ச்சாலை ஓரமோ தண்டவாளத்து ஓரப் பாதையோதான் கதி. தண்டவாள ஓரம் என்பது 1989-ஆம் வருஷ ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி அத்துமீறல். ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அபராதத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

முன்பு ஒற்றைப் பாதை, டீசல் வண்டி. தூரத்திலேயே உறுமல் கேட்கும், தரையே அதிரும். இப்போது இரட்டைப் பாதை, மின்சார எஞ்சின். டீசலைவிட ஓசை குறைவு. 2023 செப்டம்பரிலிருந்து திருநெல்வேலி வந்தே பாரத் ரயிலும் இந்த வழியாகத்தான் நிற்காமல் ஓடுகிறது. ஒரு வண்டி மணிக்கு 110 கிலோமீட்டரில் வந்தால் நொடிக்கு 30 மீட்டர். 300 மீட்டர் தள்ளி இருக்கும்போது காதில் விழுந்தால் விலக 10 நொடி கிடைக்கும். 60 மீட்டரில் விழுந்தால் 2 நொடி. ஒரு பாதையில் வண்டி போவதைப் பார்த்து அடுத்த பாதைக்கு நகர்ந்து, எதிரே வந்த இன்னொரு வண்டியைக் கவனிக்காமல் போவது இரட்டைப் பாதையில் சேர்ந்துகொண்ட புது ஆபத்து. வண்டி குறைவாகச் சத்தம் போடத் தொடங்கிய அதே காலத்தில் நம்ம காதும் நன்றாக அடைபட ஆரம்பித்திருக்கிறது.

உறவுக்காரப் பையன் ஒருத்தன் என்னிடம் கேட்டான்: "மாமா, ஓடும்போது இயர்போன் கழன்று கழன்று விழுது. காதுக்கு அளவெடுத்துச் செய்து தர்றாங்களாமே, வாங்கலாமா?" விலை பல ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். ஒரு வருஷப் பயிற்சிக்கான காலணி, முட்டை, பால் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும் என்று அவனிடம் சொன்னேன்.

அந்தப் பொருளுக்கு நியாயமான பக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். வெளிச்சத்தம் அடைபட்டால் பாட்டைக் குறைத்து வைத்தே கேட்கலாம். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி பெரியவர்களுக்கு 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு. அதுவே 90 டெசிபெல் ஆனால் 4 மணி நேரம்தான். பஸ்ஸிலோ இரைச்சலான ஜிம்மிலோ அளவான இயர்போன் காதைக் காப்பாற்றும். மேடைக்கலைஞர்களுக்கு அது வரம்.

ஆனால் ஓடும்போது அடைத்த காது இன்னொரு வேலையும் செய்யும். வெளிச்சத்தம் நின்றதும் உடம்பின் சத்தம் பெரிதாகும். ஒவ்வொரு எட்டும் மண்டைக்குள் "தொம் தொம்" என்று இடிக்கும். இறுக மூடிய துளைக்குள் நடக்கிற சாதாரண இயற்பியல் அது. வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது துளையின் வடிவம் மாறி, கெட்டியான அக்ரிலிக் கூடு லேசாக விலகும். நம்ம ஊர் வியர்வை வேறு. அடைத்த துளையில் ஈரம் தங்கினால் அரிப்பு, புண், சீழ் என்று காது மருத்துவரிடம் போய் நிற்க வேண்டிவரும்.

கடைசியாக, பாட்டினால் என்ன பலன்? அயர்ஸுக்குப் பிறகு நூறு வருஷ ஆய்வில் ஓரளவு தெளிவாகியிருப்பது இது. மெதுவான, நடுத்தர வேக ஓட்டத்தில் இசை சிரமத்தைக் குறைத்துக் காட்டும். உயிரைக் கொடுத்து ஓடும் வேகத்தில் அந்தப் பலன் தேய்ந்துவிடும். நெஞ்சும் தொடையும் போடும் கூச்சல் பாட்டை முந்திவிடும். 7 நிமிடத்துக்குள் 1500 மீட்டர் என்பது பயிற்சியில்லாத உடம்புக்கு அந்த இரண்டாவது வகை. மேலும், தேர்வு நாளில் மைதானத்தில் காதில் எதுவும் இருக்காது. பாட்டை வைத்து வேகம் பழகிய கால், அன்றைக்குப் பார்த்துத் தாளம் இல்லாமல் தடுமாறும்.

இதற்கு மாற்று கரிசலிலேயே இருக்கிறது. கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர் போன ஊர். ஹாக்கிக்காரர்கள் காதை அடைத்துக்கொண்டு பழகுவதில்லை. கூட ஆடுகிறவன் குரலும் பயிற்சியாளர் விசிலும் அவர்களுக்கு ஆட்டத்தின் பாதி. நாலு பேராகச் சேர்ந்து ஓடினால், முன்னால் ஓடுகிறவனின் மூச்சும் கால் சத்தமும்தான் தாளம். காவடி கூட்டம் செய்ததும் அதைத்தானே.

ஓடுகிறவர்கள் இதைப் படித்தால், என் கணக்கு சுருக்கமாக இதுதான். பள்ளி மைதானத்தில் மெதுவாக உடம்பைச் சூடாக்கும்போது பாட்டு கேளுங்க. வாசலில் உட்காரும் சாதாரண இயர்போன் போதும், ஒரு காதில் மட்டும். சாலைக்கு வந்தால் கழற்றிப் பையில் போடுங்க, எதிரே வண்டி வரும் பக்கமாக ஓடுங்க. தேர்வுக்கு முந்தின ஒரு மாசம் பாட்டே வேண்டாம், கடிகாரம் மட்டும். தண்டவாளத்து ஓரம் இயர்போன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடாதீங்க. அங்கே ஓடுவதைவிடக் கரிசலில் சகதி மிதித்து ஓடுவது நல்லது. கால் வலுக்கும், ஆளும் வீடு வந்து சேருவான்.