சைக்கிளுக்குச் சட்டம் இருந்தது, பாதை இருந்ததா?



"சைக்கிள்காரர்களுக்கு ரோட்டில் போகவே தெரியவில்லை, இவர்களுக்குத் தனிப்பாதை ஒரு கேடா?" என்று நம் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். கோபம் புரிகிறது. எதிர்த்திசையில் வருகிறார்கள், இருட்டில் விளக்கில்லாமல் வருகிறார்கள். உண்மைதான். ஆனாலும் கொஞ்சம் வரலாற்றைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். அன்று சைக்கிள் வைத்திருந்தால் ஆண்டுதோறும் வரி கட்டி, வில்லை வாங்கி வண்டியில் மாட்ட வேண்டும். பொழுது சாய்ந்தால் விளக்கு வேண்டும். முதலில் மண்ணெண்ணெய் விளக்கு, பிறகு டைனமோ. டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் பிடிப்பார். அபராதம் கட்டக் காசில்லாவிட்டால் காற்றைப் பிடுங்கிவிட்டு அனுப்புவார். முக்கு வருமுன் பின்னால் இருப்பவன் குதித்து இறங்கி, ஒன்றும் தெரியாதவன் போல நடந்து தாண்டி, மறுபடி ஓடி வந்து ஏறுவான்!

அன்று சாலையில் சைக்கிள்தான் பெரும்பான்மை. தனிப்பாதை தேவைப்படவில்லை. பிறகு மொபெட், பைக், கார் என்று பெருகின. வில்லை மறைந்தது. சாலைகளை அகலமாக்கினோம். அந்த அகலம் முழுவதும் என்ஜின் வண்டிகளுக்கே போயிற்று. சைக்கிள் ஓரத்து மண்ணில் இறங்கியது.

இதற்கிடையில் நம் மாநிலம் சைக்கிளுக்காகப் பெரிய காரியங்களைச் செய்ததையும் மறக்கக் கூடாது. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. லேடீஸ் சைக்கிள் போதாமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்து ஓட்டினார்கள். பேருந்துக்கும் ஆண் துணைக்கும் காத்திருந்த காலம் மாறியது. 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. வண்டி கொடுத்தோம். அந்தப் பிள்ளை அதை ஓட்டிச் செல்ல இடம் கொடுத்தோமா?

"நெதர்லாந்துக்காரர்கள் ஒழுக்கமானவர்கள், அதனால் அங்கே சரிப்படுகிறது" என்பார்கள். அங்கும் போருக்குப் பிறகு கார்கள் பெருகி, சைக்கிள் ஓரங்கட்டப்பட்டது. 1971-ல் மட்டும் அந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்துகளில் 3,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். மகளை விபத்தில் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர் 1972-ல் 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று பொருள்படும் தலைப்பில் எழுதினார். அதுவே இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்தபோது, கார் இல்லாத சாலை எப்படியிருக்கும் என்று மக்கள் கண்ணால் பார்த்தார்கள். பிறகுதான் பாதைகள் படிப்படியாக வந்தன. இன்று அங்கே சாலை மரணங்கள் அன்றிருந்ததில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. விதியையும் அவர்கள் கைவிடவில்லை. தொடக்கப் பள்ளியிலேயே போக்குவரத்துத் தேர்வு உண்டு. விளக்கில்லாமல் ஓட்டினால் அபராதம் உண்டு.

இனி நம் ஊர் எதிர்த்திசைக்காரரிடம் வருவோம். நான்குவழிச் சாலையில் நடுவே தடுப்பு வைத்துவிட்டோம். எதிர்ப்பக்கப் பள்ளிக்குப் போக அடுத்த திருப்பம் வரை சென்று திரும்பி வரவேண்டும். பைக்காரர் செலவழிப்பது பெட்ரோல். சைக்கிள் மிதிக்கும் பிள்ளை செலவழிப்பது தன் கால்பலம். அது எதிர்த்திசையில் வருவது ஆபத்து, தவறும்கூட. ஆனால் அந்தத் தவறில் சாலை போட்டவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

2014-ல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. கொள்கை தெருவுக்கு இறங்க வேண்டுமானால் கேட்பதற்கு ஆள் வேண்டும்.

ஆகவே என் பிள்ளைகளே, வீட்டிலிருக்கும் சைக்கிளுக்கு விளக்கும் பின்புறம் சிவப்பு ரிஃப்ளெக்டரும் மாட்டுங்கள், இடப்பக்கம் போகச் சொல்லிக்கொடுங்கள். அதோடு அடுத்த கிராம சபையிலோ வார்டு கவுன்சிலரிடமோ பள்ளிக்குப் போகும் சாலையில் சைக்கிளுக்கு இடம் கேளுங்கள். முதலாவதை மட்டும் செய்தால் பழைய வில்லைக் காலம்தான். இரண்டையும் செய்தால் பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்புவார்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்