காளையா, கிடாரியா? - ஒரு 2400 வருடக் கேள்வி

மாடு கன்று போட்டதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "என்ன கன்று?" என்பதுதான். கிடாரி என்றால் எல்லோருக்கும் முகம் மலரும். காளை என்றால், "சரி, அடுத்த ஈத்து பார்ப்போம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

முன்பு இப்படி இல்லை. ஏர் உழ, வண்டி இழுக்க, கமலை இறைக்க எல்லாவற்றுக்கும் எருதுதான். பிறகு டிராக்டர் வந்தது, பம்ப்செட் வந்தது, சினை ஊசியும் வந்தது. ஒரே ஒரு பொலிகாளையின் உறைவிந்து ஆயிரக்கணக்கான பசுக்களுக்குப் போதும் என்றான பிறகு, காளைக் கன்றுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. தீனிச் செலவு மட்டும்தான் மிச்சம்.

2019ல் நடந்த 20வது கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்தியாவில் எருமைகளைச் சேர்க்காமல் மாடுகள் மட்டும் சுமார் 19.2 கோடி. அதில் பெண் மாடுகள் 14.5 கோடி. ஆண் மாடுகளோ வெறும் 4.7 கோடி! பிறக்கும்போது ஏறத்தாழ பாதிக்குப் பாதி. அப்படியானால் மீதி எங்கே? கவனிப்பில்லாமல் செத்தவையும் அடிமாடாக விற்கப்பட்டவையும்தான் அந்த மீதி.

பிறந்த பிறகு கழிப்பதற்குப் பதில், பிறக்கும் முன்பே தீர்மானிக்க முடியாதா? மனிதன் இதைக் கேட்க ஆரம்பித்து ரொம்ப நாளாகிறது.

காற்றும் கயிறும்

கி.மு. 5ம் நூற்றாண்டு கிரேக்கத்தில் அனக்ஸகோரஸ் போன்றவர்கள், வலப்பக்கத்திலிருந்து ஆணும் இடப்பக்கத்திலிருந்து பெண்ணும் உருவாவதாக நம்பினார்கள். அடுத்த நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் இதை மறுத்தார். அறுத்துப் பார்த்தபோது கருப்பையின் ஒரே பக்கத்தில் ஆண் குட்டியும் பெண் குட்டியும் சேர்ந்தே இருந்தன என்பது அவர் சொன்ன ஆதாரம். அருமையான வாதம்! ஆனால் அவரும் விடையைப் பிடிக்கவில்லை. உடல் சூடு குறைந்தால் பெண் என்றார். வடக்குக் காற்று வீசும்போது இணைந்தால் ஆண், தெற்குக் காற்றென்றால் பெண் என்று மேய்ப்பர்கள் சொன்னதையும் எழுதி வைத்தார்.

ரோமானியர்கள் செயலிலேயே இறங்கிவிட்டார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் விவசாய நூல் எழுதிய கொலுமெல்லா, காளைக் கன்று வேண்டுமென்றால் காளையின் இடது விதையையும் கிடாரி வேண்டுமென்றால் வலது விதையையும் கட்டிவிடச் சொல்கிறார். பாவம் அந்தக் காளை!

இந்த முறைகள் நூற்றாண்டுக் கணக்கில் உயிரோடு இருந்ததற்குக் காரணம் எளிது. எதைச் செய்தாலும் இரண்டில் ஒரு தடவை பலிக்கும். பலித்ததை ஊரெல்லாம் சொல்வார்கள், பலிக்காததை மறந்துவிடுவார்கள்.

பசுவின் மேல் தப்பில்லை

சரியான விடை கடைசியில் ஒரு புழுவிலிருந்து வந்தது. அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரியில் ஆராய்ச்சி செய்த நெட்டி ஸ்டீவன்ஸ், மாவில் வளரும் ஒரு வண்டுப் புழுவின் செல்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணினார். பெண்ணில் 20 பெரிய குரோமோசோம்கள். ஆணில் 19 பெரியது, ஒன்று மட்டும் குட்டியானது. பாதி விந்தணுக்கள் பெரியதையும் மீதிப் பாதி குட்டியையும் சுமந்தன. ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது அதுதான் என்று 1905ல் அவர் வெளியிட்டார். அதே வருடம் எட்மண்ட் வில்சனும் தனியாக இந்த முடிவுக்கு வந்தார். 1912ல், 50 வயதில், ஸ்டீவன்ஸ் புற்றுநோயால் இறந்தார்.

மாட்டிலும் மனிதனிலும் இதே கதைதான். எக்ஸ் விந்தணு சேர்ந்தால் பெண், ஒய் சேர்ந்தால் ஆண். அதாவது முடிவு தகப்பன் பக்கம். "பொட்டையாப் பெத்துப் போடுறா" என்று மருமகளை ஏசிய மாமியார்கள் எல்லோரும் ஆள் மாறி ஏசியிருக்கிறார்கள்.

4 சதவீத வித்தியாசம்

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் கோடிக்கணக்கான விந்தணுக்களில் எக்ஸ் எது, ஒய் எது என்று பிரிப்பது எப்படி? எடை, வேகம், மின்னேற்றம் என்று பலதையும் முயன்று தோற்றார்கள். நம்பகமான வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். எக்ஸ் குரோமோசோம் பெரியது என்பதால், மாட்டின் எக்ஸ் விந்தணுவில் டி.என்.ஏ. சுமார் 4 சதவீதம் அதிகம்.

இதை அளக்க உதவிய மெஷின் மாட்டுக்காகப் பிறந்ததே அல்ல. இங்க்ஜெட் அச்சுக்காக உருவான ஒரு யோசனையை எடுத்து, 1965ல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் மாக் ஃபுல்வைலர் செல்களைப் பிரிக்கும் கருவி செய்தார். விந்தணுவில் ஒளிரும் சாயம் ஏற்ற வேண்டும். லேசர் ஒளியில் எக்ஸ் கொஞ்சம் கூடுதலாக மின்னும். ஒவ்வொன்றையும் ஒரு துளிக்குள் வைத்து, துளிக்கு மின்னேற்றம் கொடுத்து, ஆளுக்கொரு பக்கம் திருப்பிவிட வேண்டும். அவ்வளவுதான்!

சிக்கல் என்னவென்றால், ஆரம்பத்தில் அளந்து முடிப்பதற்குள் விந்தணு செத்துவிட்டது. உயிரோடு பிரித்துக் காட்டியவர் அமெரிக்க விவசாயத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஜான்சன். 1989ல் அவருடைய குழு முயல்களில் செய்த சோதனையில், எக்ஸ் பிரித்துச் செலுத்தியபோது பிறந்தவற்றில் 94 சதவீதம் பெண். 1993ல் சோதனைக்குழாய் முறையில் கன்றுகளும் பிறந்தன.

யாருக்குக் கிடைக்கும்?

அரசுப் பணத்தில் பிறந்த இந்தக் கண்டுபிடிப்பு, உரிமம் வழியாகத் தனியார் கைக்குப் போனது. முக்கிய காப்புரிமைகள் ஒரே கம்பெனியிடம் குவிந்ததால், 2014ல் அமெரிக்காவில் ஏகபோக வழக்கு நடந்தது. 2017ல் லேசரால் வேண்டாத விந்தணுவை முடக்கும் மாற்று முறை சந்தைக்கு வந்தது. இந்தியாவிலும் இந்த ஊசி வந்தது, ஆனால் சாதாரண சினை ஊசியைவிட விலை பல மடங்கு. விந்தணு எண்ணிக்கையும் குறைவு என்பதால் சினை பிடிக்கும் வாய்ப்பும் கொஞ்சம் குறையும். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு இது சூதாட்டம் மாதிரி. விலையைக் குறைக்கும் நோக்கத்துடன் 5 அக்டோபர் 2024 அன்று மகாராஷ்டிராவின் வாஷிமில் உள்நாட்டுத் தொழில்நுட்பம் அறிமுகமானது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. இதே மெஷினில் மனித விந்தணுவையும் பிரிக்கலாம். அதனால்தான் 1994ம் ஆண்டு பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் 2003ல் திருத்தப்பட்டு, கருத்தரிக்கும் முன் தேர்வு செய்வதும் குற்றமானது. தொழுவத்தில் பெண் வேண்டும் என்று அரசே ஊசி தயாரிக்கிறது. வீட்டுக்குள் பெண் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாதே என்று அதே அரசு சட்டம் போடுகிறது!

இந்த ஊசி போட்டால் பத்தில் ஒன்பது கிடாரி பிறக்கும் என்கிறார்கள். கணக்குப்படி லாபம்தான், கழிக்கப்படும் கன்றுகளும் குறையும். ஆனால் அந்தப் பத்தாவது, இன்னமும் காளையாகத்தான் பிறக்கும். அதற்குத் தாய்ப்பால் விடுவதா வேண்டாமா என்பதை எந்த லேசரும் தீர்மானிக்கப் போவதில்லை. அது மாட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது.