மூக்கைக் கணக்கில் சேர்க்காத கதை



2020-ம் ஆண்டு கோடையில் குடியிருப்பு வாசல்களில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். செக்யூரிட்டி துப்பாக்கி போன்ற ஒரு கருவியை நெற்றிக்கு நேரே நீட்டுவார். சூடு இல்லையென்றால் உள்ளே விடுவார். பால் போடுபவர், வீட்டு வேலைக்கு வருபவர், லிஃப்ட் மெக்கானிக், யாராக இருந்தாலும் இதுதான் சோதனை. "இன்றைக்குக் காலையில் காபி மணம் தெரிந்ததா?" என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், காய்ச்சலே இல்லாமல் தொற்றோடு நடமாடிய சிலரையாவது கண்டுபிடித்திருக்கலாம். அந்தக் கேள்வி ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்பதற்கு நீண்ட பின்கதை உண்டு. நான் மருத்துவன் அல்ல, வங்கியில் லெட்ஜர் எழுதி ஓய்வு பெற்றவன். ஆகவே இதில் சிகிச்சை எதையும் தேடாதீர்கள். தேதியும் கணக்கும் தருகிறேன்.

முதலில் ஒரு விஷயம். "வாய்க்கு ருசியே தெரியவில்லை" என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலைதான். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அதோடு ஜப்பானியர் உமாமி என்று பெயர் வைத்த ஒன்று. மிளகாய்க் காரம் சுவைக் கணக்கில் வராது, அது எரிச்சல். ரசத்தில் பெருங்காயத்தையும் கொத்தமல்லியையும் அடையாளம் காட்டுவது, மென்று விழுங்கும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம். சந்தேகம் இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓர் ஏலக்காயை மென்று பாருங்கள்.

சளி அடைத்தால் மணம் போவதும், அடைப்பு விலகினால் திரும்புவதும் எல்லோருக்கும் தெரிந்தது. சிலருக்கு மட்டும் சளி விட்டுப் பல மாதம் ஆகியும் மணம் திரும்பாது. மூக்கின் உச்சியில் மணம் அறியும் சவ்வையே வைரஸ் பாதித்திருக்கும். காது-மூக்கு-தொண்டை மருத்துவர்களுக்கு இது பழைய சங்கதி. 2007-ல் ஜப்பானிய மருத்துவர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரிகளில் கண்ட வைரஸ்களுள் சாதாரணச் சளியை உண்டாக்கும் ஒரு கொரோனா வைரஸும் இருந்தது. செய்தி கையில்தான் இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூக்கை எவ்வளவு மலிவாக நினைத்தார்கள் என்பதற்கு 1937-ஐச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. போலியோ வைரஸ் மூக்கின் மண நரம்பு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது என்று அன்றைய விஞ்ஞானிகள் நம்பினார்கள். குரங்குகளின் மூக்கில் வைரஸைச் செலுத்திப் பார்த்ததில் அப்படித்தான் தெரிந்தது. அந்த வாசலை அடைத்துவிட்டால் போலியோ வராது என்பது தர்க்கம். துத்தநாக சல்பேட் கரைசலை மூக்கின் உச்சியில் பீய்ச்சினால் குரங்குகள் தப்பித்தன. டொரன்டோ நகரில் ஏறக்குறைய 5,000 குழந்தைகளின் மூக்கில் அதைப் பீய்ச்சினார்கள். பயந்துபோயிருந்த பெற்றோர் தாங்களாகவே குழந்தைகளைக் கூட்டிவந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பலன் பூஜ்யம். மருந்து பீய்ச்சிய குழந்தைகளுக்கும் பீய்ச்சாத குழந்தைகளுக்கும் நோய் வருவதில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் மருந்து பட்டவர்களில் பலருக்கு மணம் தெரியாமல் போனது. சிலருக்குத் திரும்பவே இல்லை. 1941-ல் ஆல்பர்ட் சாபின் என்பவரும் அவருடைய சகாவும், போலியோவில் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்து, வைரஸ் குடலில் இருக்கிறது, மண நரம்பில் இல்லை என்று காட்டினார்கள். போலியோ வாய்வழியாக வருவது. நம் பிள்ளைகளுக்கு முகாமில் போட்ட சொட்டு மருந்தை உருவாக்கியவரும் இதே சாபின்தான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அதே 1937, மார்ச் 18. அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் எரிவாயு கசிந்து வெடித்தது. சுமார் 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மாணவர்கள். அந்த வாயுவுக்கு மணமே கிடையாது என்பதால் கசிந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. அதன்பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் சேர்த்தாக வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. நம் வீட்டு சிலிண்டரில் வரும் அழுகல் நாற்றமும் வாயுவின் நாற்றம் அல்ல. நம் மூக்கை நம்பி வேண்டுமென்றே கலக்கப்படும் மெர்காப்டன் என்ற பொருளுடையது. ஒரே ஆண்டில் ஓர் ஊர் மூக்கின் அருமையைக் கற்றது, இன்னோர் ஊர் அதைக் குழந்தைகளிடமிருந்து போக்கியது.

டொரன்டோ பாடமும் நிலைக்கவில்லை. சளிக்காக மூக்கில் இடும் துத்தநாக ஜெல் ஒன்று அமெரிக்கக் கடைகளில் மருந்துச் சீட்டு இல்லாமலே விற்றது. மணம் போய்விட்டதாக 130-க்கும் மேற்பட்ட புகார்கள் சேர்ந்த பிறகு, 2009 ஜூனில்தான் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை உபயோகிக்க வேண்டாம் என்று எச்சரித்தது.

நம் நாட்டுக்கு வருவோம். பி.காம். படித்தவர்களுக்கு 1923-ம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் ஞாபகம் இருக்கும். அதன் முதல் அட்டவணையை நாங்கள் மனப்பாடம் செய்திருக்கிறோம். விபத்தில் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, ஒரு கண் போனால் 40. மூக்கின் மணத்துக்கு அந்தப் பட்டியலில் வரியே இல்லை. மருத்துவர் பார்த்து மதிப்பிட்டால் உண்டு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அடுக்குகிறது. அதிலும் மணமிழப்பு கிடையாது. தேயிலை ருசி பார்ப்பவரையும் சமையல்காரரையும் நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுக்கு ஆள்காட்டி விரலைவிட மூக்குதானே மூலதனம்?

இப்போது 2020-க்கு வரலாம். மார்ச் 16-ல் ஜெர்மனியின் பான் நகர வைரஸ் நிபுணர் ஹென்ட்ரிக் ஸ்ட்ரீக், தாங்கள் விசாரித்த நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மணமும் சுவையும் பல நாள் தெரியவில்லை என்று பத்திரிகைக்குச் சொன்னார். ஒரு தாய்க்குக் குழந்தையின் நிறைந்த டயப்பரின் நாற்றம்கூடத் தெரியவில்லையாம். மார்ச் 20-ல் பிரிட்டனின் காது-மூக்கு-தொண்டை மருத்துவர்கள் சார்பில் கிளேர் ஹாப்கின்ஸ், நிர்மல் குமார் இருவரும் ஓர் அறிக்கை விட்டார்கள். திடீரென மணம் தெரியாமல் போனவர்கள், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் ஒரு வாரம் தனித்திருக்கட்டும் என்றது அது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஒரு செல்போன் செயலி மூலம் லட்சக்கணக்கானோரிடம் விவரம் திரட்டியது. தொற்று உறுதியானவர்களில் ஏறத்தாழ 65 சதவீதம் பேருக்கு மணமும் சுவையும் போயிருந்தன. தொற்று இல்லை என்று வந்தவர்களில் 23 சதவீதம்.

பிரிட்டன் அரசு இதை அறிகுறிப் பட்டியலில் சேர்த்தது மே 18-ல். நம் மத்திய சுகாதார அமைச்சகம் சேர்த்தது ஜூன் 13-ல். வட்டிக்கு நாள் கணக்குப் போட்ட பழக்கத்தில் எண்ணிப் பார்த்தேன்: மார்ச் 20-லிருந்து அங்கே 59 நாள், இங்கே 85 நாள். அத்தனை நாளும் வாசலில் நெற்றிச் சூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காரணம் ஜூலையில் தெளிவானது. ஹார்வர்டின் சந்தீப் ராபர்ட் தத்தா குழுவினர், வைரஸ் நுழையப் பயன்படுத்தும் கதவு மண நரம்புச் செல்களில் இல்லை, அவற்றைத் தாங்கிப் பராமரிக்கும் துணைச் செல்களில்தான் இருக்கிறது என்று காட்டினார்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மணம் திரும்பியது அதனால்தான் என்று கருதுகிறார்கள். ஒமைக்ரான் வந்தபோது இந்த அறிகுறி வெகுவாகக் குறைந்தது. தடுப்பூசி போட்டவர்களிடையே டெல்டா அலையில் 52.7 சதவீதம் இருந்தது, ஒமைக்ரானில் 16.7 ஆனது.

சிலருக்கு மணம் திரும்பும்போது கோணலாகத் திரும்புகிறது. காபி கருகல் நாற்றமாகவும், வதக்கிய வெங்காயம் அழுகலாகவும் தெரியும். வீட்டில் யாராவது அப்படிச் சொல்லித் தட்டை ஒதுக்கினால் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் என்ற மருத்துவர் 2009-ல் வெளியிட்ட ஒரு பயிற்சி இன்று பல நாடுகளில் சொல்லித்தரப்படுகிறது. ரோஜா, நீலகிரித் தைலம், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் காலையும் மாலையும் சில விநாடிகள் கவனமாக முகர வேண்டும், குறைந்தது 12 வாரம். எல்லோருக்கும் பலிப்பதில்லை, பலருக்கு ஓரளவு மேம்பட்டிருக்கிறது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. நம்மிடையே தனியாக இருக்கும் பெரியவர்கள் பலர். கோவிட்டிலோ, வயதாலோ மணம் தெரியாமல் போனவர்கள் இருந்தால் சமையலறையில் கேஸ் கசிவு காட்டும் அலாரம் ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டிலும் செக்யூரிட்டியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.